ஊறுகாய்க் கல்லும் உன் பெயரும்

லோட்செரி,
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை காலை.

கடல் தாண்டி ஜெனோவாவில் மூன்றாம் மாடியில் வாழும், வயதிலும் கோபத்திலும் எனக்கு மூத்தவளான அக்கா பொனாரியாவுக்கு, உன் ஒரே தம்பி அந்தியோக்கோ பணிவோடு எழுதிக்கொள்வது. உன் இடுப்பு வலி தேவலையா? அத்தான் உப்பைக் குறைத்துக்கொண்டாரா, அல்லது குறைத்துக்கொண்டதாக உன்னிடம் சொல்கிறாரா? இங்கே நானும் பெப்பீனாவும் உடம்பால் சுகம். வேறு எந்த வகையிலும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கை நடுங்குவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மேசையின்மேல் பழி போட முடியாது. நம் பழைய சாப்பாட்டு மேசையின் ஆடுகிற காலுக்குப் பெப்பீனா எதையோ முட்டுக்கொடுத்து வருடக்கணக்காகிறது, அது இப்போது தேவாலயப் பீடம் போல அசையாமல் நிற்கிறது. ஆடுவது நான்தான். இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். படிக்கும் முன் உட்கார்ந்துகொள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் நகராட்சி வாசலில் கண்ணாடி போட்ட பலகை ஒன்று இருக்கிறது. காலா பெர்தா கடற்கரையில் கல் திருடியவர்களின் பெயர்களை அதில் ஒட்டுவார்கள். ஜூலை முதல் திங்கட்கிழமை அதில் உன் பெயர் வரப்போகிறது. உன் பெயரைச் சொன்னது நான்தான்.

உட்கார்ந்துவிட்டாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். எழுபத்து நாலாம் வருடம், அப்பாவின் சிநேகிதர் படகில் நாம் எல்லோரும் காலா பெர்தாவுக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் முற்றம் அளவுக்குக் கரை, அதில் முட்டை முட்டையாக வெள்ளைக் கற்கள், நம்மைத் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. வரும்போது நீ உன் பாவாடையில் முடிந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தாய். ரொட்டி அளவு, மூன்று கிலோ இருக்கும். அம்மா அதைக் கழுவி ஆலிவ் ஊறுகாய் ஜாடியில் காய்களின் மேல் பாரமாக வைத்தாள். அம்மா போன பிறகு நீ தையல் இயந்திரத்தை எடுத்துக்கொண்டாய், ஜாடியும் கல்லும் எனக்கு வந்தன. அப்போதெல்லாம் கடற்கரையில் கல் எடுப்பது காட்டில் காளான் பறிப்பது போலத்தான். இப்போது ஒரு பிடி மணல் எடுத்தாலும் குற்றம். கடற்கரைக்குப் போக முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், துண்டுக்குக் கீழே விரிக்கப் பாய் கொண்டுபோக வேண்டும், திரும்பும்போது காலைக் கழுவிவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். அந்த வாசலில் நிற்கும் தலைமைக் காவலர் யார் தெரியுமா? நம் தெருக்கோடி ரிமுண்டா அத்தையின் மகன் போயேலே. பன்னிரண்டு வருடத்துக்கு முன் காலமான அந்த அத்தையை உனக்கு மறந்திருக்காது, அவள் கையால் ஊறிய ஆலிவைத் தின்றவன் வேறு வீட்டு ஆலிவைத் தொடமாட்டான். அவள் மகனோ ஒரு ஜெர்மன்காரரின் தாடியை உதறச் சொன்னவர். தன் சொந்தத் தம்பியின் பேத்தி வைத்திருந்த பொம்மை வாளியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தவர். ஆயிரம் கல்லுக்கு நடுவில் காலா பெர்தா கல்லை இருட்டிலும் கண்டுபிடிப்பார் என்று ஊரில் பேச்சு. அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் அக்கா, என் மகள் இலாரியாவுக்கு வரப்போகும் மாமனார். செப்டம்பரில் கல்யாணம் என்று உனக்கு ஈஸ்டருக்கே எழுதினேன். யார் மகன் மாப்பிள்ளை என்று அப்போது எழுதாமல் விட்டதற்கு நீயும் அவரும் பள்ளிக்கூடத்தில் போட்ட சண்டைதான் காரணம், வேறொன்றுமில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் முதல் முறையாக நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். நம் ஊர் வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் தடவை வரும் சம்பந்திக்கு வீட்டின் வயிற்றைக் காட்ட வேண்டும். எண்ணெய், பாலாடைக்கட்டி, ஒயின் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் ஆலிவ் ஜாடியை அவரே திறந்து, மேலே இருக்கும் கல்லைத் தன் கையால் எடுத்து வைத்துவிட்டு, முதல் காயைத் தின்று நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் சம்பந்தம் உறுதி. இது நினைவுக்கு வந்த நிமிஷத்தில் போய் ஜாடியைத் திறந்து பார்த்தேன். கல் காவலர் தன் கையாலேயே திருட்டுக் கல்லைத் தூக்கப்போகிறார், அதுவும் பெண் வீட்டுச் சமையலறையில். பிறகு எந்த முகத்தோடு அவர் வாசலில் நின்று ஊரான் பையைத் திறக்கச் சொல்வார்? பலகையில் பெயர் ஏறிய வீட்டில் பெண் எடுக்க அவரால் முடியுமா? இலாரியா இருபத்தொன்பது வயது வரை காத்திருந்து, கடைசியில் மனசுக்குப் பிடித்த ஒருவனைக் கண்டிருக்கிறாள். அவள் கல்யாணம் ஒரு ஊறுகாய்க் கல்லில் தடுக்கி விழலாமா?

கல்லைக் கிணற்றில் போடலாம், வேலிக்கு அப்பால் எறியலாம் என்று நீ சொல்வாய். நான் தபால்காரன், அக்கா. தவறான வீட்டுக்கு வந்த பொருளைக் கிணற்றில் போடுவது எங்கள் வழக்கமில்லை. அனுப்பியவருக்கே திருப்புக என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவோம். தவிர, கல்லை ஒளிக்கக் கல்லுக்கு நடுவைவிடப் பத்திரமான இடம் ஏது என்றும் தோன்றியது. கடற்கரைக்குப் போய் அதன் அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் அதை வைத்துவிட்டு வந்துவிட்டால், உலகத்தில் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமைகளில் போயேலே பலகை வேலைக்காக நகராட்சியில் இருப்பார் என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். பெப்பீனா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், செவ்வாய்க்கிழமைதான் திரும்புவாள். காக்லியாரியில் வேலை பார்க்கும் இலாரியாவிடம் தொலைபேசியில் சொல்லி இடம் பதியவைத்தேன். தான் பிறந்ததிலிருந்து கடற்கரைக்கே போகாத அப்பா எதற்குத் திடீரென்று போகிறார் என்று அவள் கேட்டாள். டாக்டர் சொன்னார் என்றேன். அந்தப் பொய்க்குத் தண்டனை கடற்கரையிலேயே கிடைத்தது, அதற்கு வருகிறேன்.

நேற்றுக் காலை, என்ன உடுத்துவது என்பதில் கொஞ்சம் யோசனை. ஊர்ப் பொது இடம், பெண்ணின் அப்பா, யார் கண்ணில் படுவோமோ என்று எண்ணி, ஓய்வு பெற்ற அன்று போட்ட கறுப்பு வெல்வெட் கோட்டு, கால்சட்டை, தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டேன். பையில் அடியில் கல், அதற்கு மேல் மொறுமொறு ரொட்டி, பாலாடைக்கட்டி, கக்கத்தில் கோரைப்பாய். எழுபத்து நாலில் படகில் போனதால் தெரியவில்லை, நடந்து போனால் மேட்டிலிருந்து கரைக்கு இரண்டு மணி நேர இறக்கம். ஒவ்வொரு அடியிலும் கல் என் இடுப்பில் இடித்தது. முழங்கால் இரண்டும் அழுதன. எதிரே வந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் சிரித்து வணக்கம் சொல்லி, பையைத் தூக்கித் தரட்டுமா என்று கேட்டார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நானும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றேன். பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது ஒரு வெள்ளாடு வந்து என் கோரைப்பாயில் பாதியைத் தின்றுவிட்டது. கீழே நுழைவாயிலில் ஊதலோடு நின்ற ஸ்பெரான்சா என்ற பெண், பாதிப் பாய் பாய் ஆகுமா ஆகாதா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கடைசியில் என் பூட்ஸையும் தொப்பியையும் பார்த்து இரக்கப்பட்டு உள்ளே விட்டாள்.

உள்ளே போனேன், அப்படியே நின்றுவிட்டேன். நாம் பார்த்த காலா பெர்தா இல்லை அக்கா அது. பாறை அதே பாறை, தண்ணீர் அதே பச்சை. ஆனால் கரையில் காயப்போட்ட மீன் மாதிரி வரிசை வரிசையாக மனுஷர்கள். ஒருவர் உடம்பில் இருந்த துணி இன்னொருவர் மூக்கைத் துடைக்கக் காணாது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வானத்தைப் பார்த்து நடந்தேன், யாரோ ஒருவர் காலை மிதித்தேன், மன்னிப்புக் கேட்கக் குனிந்தால் அது நம் டாக்டர் பிரியாமு. என் ரத்தக் கொதிப்புக்கு இருபது வருடமாக மருந்து எழுதுகிறவர், இரண்டு கைக்குட்டை அளவுக்கு ஒரு நீலத் துணியோடு படுத்திருக்கிறார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்த பிறகு இனி நான் எப்படி அவர் முன்னால் நாக்கை நீட்டுவேன், சொல். அவரோ என்னைப் பார்த்து அதைவிட அதிர்ந்துபோய், கோட்டைக் கழற்றுங்கள், விழுந்துவிடுவீர்கள் என்று எழுந்து என் நாடியைப் பிடிக்கிறார். டாக்டர் சொல்லித்தான் வந்தேன் என்று இலாரியாவிடம் சொன்னேனே, அந்த டாக்டர் உடனே வீட்டுக்குப் போங்கள் என்கிறார்.

அவரிடமிருந்து தப்பித் தண்ணீர் ஓரமாகப் போனேன். உட்காருகிற சாக்கில் பையிலிருந்து கல்லை எடுத்துக் கற்களுக்கு நடுவில் வைத்தேன். அப்போதுதான் கண் திறந்தது. அங்கே இருக்கும் கல்லெல்லாம் பால் வெள்ளை. நம் கல்லோ அரை நூற்றாண்டாக உப்புத் தண்ணீரிலும் எண்ணெயிலும் ஊறி, வறுத்த ரொட்டி நிறத்துக்கு வந்திருந்தது. பாலில் விழுந்த ஈ மாதிரி தனியாகத் தெரிந்தது. ஆனாலும் வைத்தது வைத்ததுதான் என்று எழுந்து நடந்தேன். பத்தடி போவதற்குள் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். பெல்ஜியத்துப் பெண்மணி, என்னைவிட ஒரு தலை உயரம், கல்லை இரண்டு கையிலும் ஏந்தி வருகிறாள். புத்தகத்தில் படித்த மொழியில், "ஐயா, இப்பொருள் தங்களுடையது அல்லவா" என்றாள். அதை அவள் துண்டால் துடைத்து வேறு வைத்திருந்தாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? நாணயமானவர்களைப் போலத் தொந்தரவு பிடித்தவர்கள் யாருமில்லை.

பிறகு ஒரு பாறைக்குப் பின்னால் போய், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கல்லைக் கடலுக்குள் வீசினேன். தோள்பட்டை கழன்றதோ என்று தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள்ளிருந்து கண்ணாடி மாட்டிய ஒரு தாடிக்காரன் கிளம்பி வருகிறான், கையில் கல். ஆழத்தில் கிடந்த புதையலை எடுத்துவிட்டதாக நினைத்து உயர்த்திக் காட்டுகிறான், கரையே கைதட்டுகிறது. பெல்ஜியத்துப் பெண்மணி உடனே எழுந்து, அது அந்தத் தொப்பி போட்ட ஐயாவுடையது என்று என்னைக் காட்டினாள். அவனும் நீந்தி வந்து கொடுத்துவிட்டு, இனி கவனமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கையால் ஜாடை காட்டிவிட்டுப் போனான். இத்தனைக்கும் டாக்டர் பிரியாமு எழுந்து நின்று, ஊரே கேட்கும்படி, "அந்தியோக்கோ, அந்தப் பையில என்னதான் வச்சிருக்கீங்க?" என்கிறார்.

அக்கா, அப்போதாவது நான் திரும்பியிருக்க வேண்டும். புத்தி வரவில்லை. சரிந்து கிடந்த பாறைகளுக்குப் பின்னால் முட்டிபோட்டு, வெள்ளைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்துக் குழி பறித்தேன். கல்லை உள்ளே இறக்கும் நேரத்தில் என் தலைக்கு மேல் ஊதல் சத்தம் கேட்டது. ஸ்பெரான்சா நின்றுகொண்டிருந்தாள்.

"தாத்தா, இங்க கல்லு எடுக்கக் கூடாது."

தாத்தா என்றதே எனக்கு அடி. "எடுக்கல தாயி, வைக்கிறேன்" என்றேன்.

"வைக்கவும் கூடாது. வெளியூர்க் கல்லக் கொண்டாந்து போட்டா அது குப்பை, ஏழாவது விதி. இந்த ஊர்க் கல்லா இருந்தா அது திருட்டு, மூணாவது விதி. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

குப்பை என்று சொன்னால் பொய். திருட்டு என்று சொன்னால் பலகை. திருடியதைத் திருப்பிக் கொடுப்பதற்கு எத்தனையாவது விதி என்று கேட்டேன். இதுவரை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை, அதனால் விதி எழுதவில்லை என்றாள். முப்பத்தோரு வருடம் அரசாங்க வேலை பார்த்த எனக்கே அந்தப் பதில் சரியாகத்தான் பட்டது. பிறகு அவள் என்னையும் கல்லையும் பாதிப் பாயையும் வாசல் குடிசைக்குக் கூட்டிப்போனாள். கதவைத் திறந்தால் உள்ளே மேசைக்குப் பின்னால் போயேலே. திங்கட்கிழமை கூட்டம் அதிகம் என்று நகராட்சி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். என்னைத் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை பார்த்தார். சம்பந்தி என்று கூப்பிடவில்லை, அந்தியோக்கோ என்றும் கூப்பிடவில்லை.

"ஐயா, பையைத் தொறங்க" என்றார்.

ஐயா என்ற அந்த ஒரு சொல்லில் இலாரியாவின் கல்யாணம் கப்பலேறிப் போய்விட்டது என்றே நினைத்தேன். பையைத் திறந்தேன், ரொட்டித் தூளுக்கு நடுவிலிருந்து கல்லை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்தார். திருப்பினார். அதன் அடிப்பக்கத்தில் ஒரு சின்னக் குழி உண்டு, நீ பார்த்திருப்பாயோ என்னவோ. பார்க்காமலே அவருடைய கட்டைவிரல் அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. பிறகு கல்லை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். ஸ்பெரான்சா விதிப் புத்தகத்தோடு காத்திருந்தாள். கடைசியில் அவளை வெளியே வரிசையைக் கவனிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, என்னை உட்காரச் சொன்னார்.

"இது இந்தக் கரைக் கல்லுதான்" என்றார். "யாரு எடுத்தது?"

நான் பாதிப் பாயைச் சுருட்டினேன். அவரே கேட்டார். "எடுத்தவங்க இப்ப ஊர்ல இருக்காங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கடலுக்கு அந்தப் பக்கமா?"

"ஜெனோவா" என்றேன். அதற்கு மேல் என் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. எழுபத்து நாலு, படகு, பாவாடை, எல்லாம் தானாகக் கொட்டிவிட்டது. உன் முழுப்பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் சொல்லிவிட்டேன். தபால்காரனுக்கு முகவரி மட்டும் மறக்காது.

"பொனாரியாவா" என்றார். "நல்லதாப் போச்சு."

திருடியின் பெயரைக் கேட்டு நல்லதாகப் போயிற்று என்று சொல்லும் காவலரை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துச் சண்டையை இன்னும் மனசில் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவரே ஒரு தாளில் தன் கையால் எழுதினார். எழுபத்து நாலாம் வருடம் காலா பெர்தாவிலிருந்து இந்தக் கல்லை எடுத்தது நான்தான், என் தம்பி அதைத் திருப்பி ஒப்படைத்தார் என்று நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால், பலகையில் உன் பெயர் மட்டும் வரும். என் பெயர் வராது. உன் கையெழுத்து வராவிட்டால், கல்லோடு பிடிபட்டவன் என்று என் பெயர்தான் ஏறும், அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

என் முழங்காலைப் பார்த்து, திரும்ப மேடேற வேண்டாம் என்று காவல் படகில் அவரே என்னைக் கூட்டிவந்தார். டாக்டர் பிரியாமு தண்ணீரில் நின்று கையசைத்தார், பெல்ஜியத்துப் பெண்மணி என் தொப்பி பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். போயேலே கல்லை என்னிடம் தரவில்லை, தன் மடியிலேயே வைத்துக்கொண்டு ஒரு கையால் படகை ஓட்டினார். பாறை முனை தாண்டியதும், "சம்பந்தி, ஞாயித்துக்கெழமை எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டார். அக்கா, அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, கடல் தண்ணீர் தெறித்ததாகக் காட்டிக்கொண்டேன். ஆனால் துறைமுகத்தில் இறங்கும்போது திண்டில் உட்கார்ந்திருந்த கிழங்கள் மூன்றும் வெல்வெட் கோட்டோடு காவல் படகில் வந்த என்னைப் பார்த்து, நம் ஊர்ப் பழமொழியை என் காது படவே சொன்னார்கள். கடல் வழியா வர்றவன் திருடத்தான் வர்றான் என்றார்கள். அரபுக் கொள்ளைக்காரர்களுக்காக நம் முன்னோர் சொல்லி வைத்ததை, ஓய்வு பெற்ற தபால்காரனுக்குச் சொல்கிறார்கள்.

ஆகவே அக்கா, தாளில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. எனக்கு வேறு போக்கிடம் இல்லை. பலகையில் பெயர் ஒரு மாதம்தான் இருக்கும், கல்யாணத்துக்கு நீ வரும்போது எடுத்திருப்பார்கள். அப்படியே யாராவது கேட்டால், அது ஜெனோவாவில் இருக்கும் வேறு பொனாரியா என்று நானே சொல்வேன். இலாரியாவின் வாழ்க்கை உன் ஒரு கையெழுத்தில் இருக்கிறது. அவளைத் தூக்கி வளர்த்தவள் நீ. கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும், அத்தானுக்கு உப்பில்லாத நாக்கும், உன் மாடிப்படிக்கு ஒரு மின்தூக்கியும் அருளட்டும். பேரக்குழந்தைகளுக்கு என் முத்தங்கள். குற்றவாளிக் கூண்டில் உன்னை நிறுத்திய தம்பியை மன்னித்து, வழக்கம்போல ஒரு வாரம் திட்டிவிட்டு, எட்டாம் நாள் பதில் போடு.

உன் பாசமுள்ள,
அந்தியோக்கோ.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பெப்பீனா தங்கை வீட்டிலிருந்து வந்துவிட்டாள். துறைமுகத்திலேயே சேதி காதில் விழுந்திருக்கிறது. கடிதத்தைப் பிடுங்கி முழுக்கப் படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், அவளோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொனாரியா அண்ணி கல்லா?" என்றாள். "அது உடைஞ்சு முப்பது வருஷம் ஆச்சு."

அக்கா, எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அம்மா உயிரோடு இருக்கும்போதே உன் கல் பெப்பீனாவின் கை தவறி இரண்டு துண்டாகிவிட்டதாம். மாமியாருக்குப் பயந்து அவள் தெருக்கோடியில் நின்று அழ, ரிமுண்டா அத்தை கூப்பிட்டு விசாரித்து, தன் ஜாடியிலிருந்த கல்லையே எடுத்துக் கொடுத்துவிட்டாளாம். அதுவும் காலா பெர்தா கல்தான், அத்தை தன் கையால் எடுத்து வந்தது. கூடவே, காயோடு மிர்ட்டில் புதரின் மணக்கும் இலையைப் போட்டு ஊறவைக்கும் பக்குவத்தையும் சொல்லிக்கொடுத்தாளாம். ஊரிலேயே வேறு எந்த வீட்டிலும் அந்த வாசனை வராது. அடியிலிருக்கும் குழி, சின்ன வயதில் போயேலே பாதாம் கொட்டை உடைத்து உடைத்து விழுந்த குழி.

அப்படியானால் அவர் மோந்து பார்த்தபோதே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தன் தாயின் பெயர் பலகையில் வரக் கூடாது என்றுதான், கடலுக்கு அந்தப் பக்கமா என்று எனக்கு வழி காட்டியிருக்கிறார். நானும் உன்னைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆகையால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே, கிழித்துவிடு என்று எழுதத்தான் மறுபடி பேனாவை எடுத்தேன். பெப்பீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயுசுல ஒரே ஒரு தடவ அந்த மனுஷன் விதிய மீறியிருக்காரு. அதுவும் பெத்தவளுக்காக. அதையும் கெடுக்கப்போறீங்களா?" என்றாள்.

அதனால் அக்கா, கையெழுத்தைப் போட்டு அனுப்பு. அநியாயம் என்று நினைக்காதே. எப்படிப் பார்த்தாலும் நீயும் ஒரு கல்லை எடுத்தவள்தான். அது எங்கே என்று பெப்பீனாவிடம் கேட்டேன். கீழே கை காட்டினாள். இரண்டு துண்டும் இந்த மேசைக் காலுக்கு அடியில்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி சாப்பிட உட்காரப்போவதும் இதே மேசையில்தான். எடுத்துவிடலாம் என்றால், எடுத்தால் மேசை ஆடும் என்கிறாள்.